கடல்நீரையும் சேற்றையும் தொடாமல் கடல் வேதியியல் இல்லை: பல்கலைக்கழகக் கல்விக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் கல்விக்குழு உறுப்பினர்களுக்கும்,

வரும் கல்வியாண்டிலிருந்து கடல் அறிவியல் முதுநிலைப் படிப்பில் கடல் வேதியியல், கடற்படிவுப் புவிவேதியியல் ஆகிய இரண்டு கட்டாயப் பாடங்களையும் சேர்த்து ஒரே விருப்பப்பாடமாகச் சுருக்குவது, அவற்றின் செய்முறை வகுப்புகளை மெய்நிகர் ஆய்வகத்துக்கு மாற்றுவது, படகில் செல்லும் களப்பணியை நிறுத்துவது, படிவு மாதிரிகள் வைக்கப்பட்டிருக்கும் குளிர் அறையைக் காலிசெய்து அங்கே கணினிக்கூடம் அமைப்பது என்று நீங்கள் எடுத்திருக்கும் முடிவு, எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு பக்கச் சுற்றறிக்கையாக ஒட்டப்பட்டிருக்கிறது. சேர்க்கை குறைவு, வேலைவாய்ப்பு இல்லை, செலவு அதிகம் என்ற மூன்று காரணங்கள் அதில் சொல்லப்பட்டுள்ளன. இந்தத் துறையிலேயே முதுநிலை முடித்து, இங்கேயே முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டு, முதுநிலை மாணவர்களின் செய்முறை வகுப்புகளில் உதவிவருபவள் நான். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று காரணங்களும் இந்த முடிவை நியாயப்படுத்தவில்லை என்பதோடு, இந்தப் பாடங்களில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் என் வருத்தம்.

முதல் செமஸ்டரில் மாணவர்கள் செய்யும் முதல் செய்முறை, கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளப்பது. ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் 1888-இல் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். ரப்பர் குழாயின் நுனி கண்ணாடிக் குப்பியின் அடியைத் தொட, நீர் வழிந்தோடும்வரை நிரப்ப வேண்டும். மாங்கனீசுக் கரைசலையும் காரம் கலந்த அயோடைடையும் படகிலேயே சேர்த்து, மூடிக்கு அடியில் ஒரு குமிழிகூட நிற்காதபடி அடைத்துக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு திரண்டு இறங்கும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். கரைக்கு வந்து அமிலம் சேர்த்ததும் அயோடின் மஞ்சளாக வெளிவரும். தயோசல்பேட்டை பியூரெட்டிலிருந்து விட்டு, மஞ்சள் வெளிறும் தறுவாயில் ஸ்டார்ச் சேர்த்தால் நீலம் தோன்றும். அந்த நீலம் மறையும் துளிதான் விடை. படகு ஆடும்போது குமிழியில்லாமல் மூடுவதற்குப் பழக வேண்டும். குழாயை அவசரத்தில் மேலே தூக்கிவிட்டால் காற்று கலந்து, இல்லாத ஆக்சிஜன் கணக்கில் ஏறிவிடும் என்பதை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். நீங்கள் வாங்கவிருக்கும் மெய்நிகர் ஆய்வகத்தின் மாதிரிப் பதிப்பை நாங்கள் முழுவதும் செய்து பார்த்தோம். அதில் குப்பிக்குள் குமிழி வருவதே இல்லை. யார் எப்படிச் சொடுக்கினாலும் விடை சரியாகவே வருகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள்.

இது வெறும் பயிற்சி நுணுக்கம் என்று கருத வேண்டாம். அண்மையில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்காகப் பொதுவில் வைக்கப்பட்ட சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை ஒன்றை வகுப்பில் மாணவர்களோடு சேர்ந்து வாசித்தேன். அலையாத்திக் காட்டின் நடுவே ஓடும் ஒரு கால்வாயில், விடியலுக்கு முன் எடுத்த நீரில், லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கும் மேல் ஆக்சிஜன் இருந்ததாக அதன் அட்டவணை சொன்னது. நம் கரையோரத்தில் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் கடல்நீர், காற்றோடு முழுச் சமநிலையில் இருந்தாலும், லிட்டருக்கு 6 மில்லிகிராமைச் சற்றே தாண்டும் அளவுக்குத்தான் ஆக்சிஜனைத் தாங்கும். இரவு முழுவதும் ஒளிச்சேர்க்கை நின்று, சேற்றிலும் நீரிலும் உள்ள உயிர்களெல்லாம் ஆக்சிஜனைச் செலவழித்த பிறகு, விடியலுக்கு முன் அந்தக் கால்வாயில் இருக்க வேண்டியது அதைவிட மிகக் குறைவான அளவு. நீரை பிளாஸ்டிக் குப்பியில் பாதி நிரப்பி, வண்டியில் குலுக்கிக்கொண்டு வந்து, சோதனைக்கூடத்தில் அளந்திருப்பார்கள் என்று இரண்டாம் செமஸ்டர் மாணவி ஒருத்தி உடனே சொன்னாள். அறிக்கையில் கையெழுத்திட்ட நிபுணர்களுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியதற்குக் காரணம், அவள் அந்தக் குப்பியைக் கையில் பிடித்து நிரப்பியிருக்கிறாள் என்பதுதான்.

அதே அறிக்கையில் கடற்படிவைப் பற்றிய பகுதி இன்னும் மோசமானது. கழிவுநீர் வெளியேறவிருக்கும் இடத்தில் எடுத்த படிவையும், ஒப்பீட்டுக்காகத் தொலைவில் எடுத்த படிவையும் அருகருகே வைத்து, துத்தநாகம், தாமிரம், ஈயம் ஆகியவை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் மாசு இல்லை என்று அது முடிவு கட்டுகிறது. ஆனால் முதல் இடம் மணல், இரண்டாவது இடம் களிமண் சேறு. உலோகங்கள் பெரும்பாலும் ஒட்டிக்கொள்வது களியின் நுண்துகள்களில். மணலில் இயல்பாகவே அவை குறைவு. மணலிலும் சேற்றிலும் ஒரே அளவு ஈயம் இருக்கிறதென்றால், மணலில் இருக்க வேண்டியதற்கு மேல் ஈயம் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம் என்பதுதான் முதலில் எழ வேண்டிய சந்தேகம். அதனால்தான் எங்கள் பாடத்தில் ஒவ்வொரு உலோகத்தையும் அலுமினியத்தின் அளவோடு விகிதப்படுத்திப் பார்க்கக் கற்பிக்கிறோம். களியில் அலுமினியம் மிகுதி, அது பெரும்பாலும் பாறைச் சிதைவிலிருந்தே வருகிறது, மனிதச் செயல்பாட்டால் எளிதில் மாறுவதில்லை. மாதிரியை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கொண்டு முழுவதுமாகக் கரைத்தார்களா, ராஜதிராவகத்தால் ஓரளவு மட்டும் கரைத்தார்களா என்பதைக்கூட அந்த அறிக்கை சொல்லவில்லை. இரண்டும் இரு வேறு எண்களைத் தரும். இதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால், மீனவர்கள் வெறும் முழக்கத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டியிருந்திருக்காது.

படகுப் பயணத்தைப் பாதுகாப்புக் கருதி நிறுத்துவதாகச் சுற்றறிக்கை சொல்கிறது. நாங்கள் போவது மிதவைச் சட்டை அணிந்து, வானிலை எச்சரிக்கை இல்லாத நாளில், அந்தக் கடலிலேயே தொழில் செய்யும் ஒருவரின் ஃபைபர் படகில். கிராப் எனப்படும் இரும்பு வாயை அவர் கயிற்றில் இறக்கும்போது, அது தரையைத் தொட்ட நொடியிலேயே கீழே இருப்பது சேறா, மணலா, பார் எனப்படும் கடலடிப் பாறையா என்று கைக்குத் தட்டுப்படுவதை வைத்துச் சொல்லிவிடுவார். மேலே வந்து பார்த்தால் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். மாணவர்கள் அவரிடமிருந்து கற்றுக்கொள்வதை எந்த மதிப்பெண் பட்டியலிலும் நாம் சேர்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாம் செமஸ்டரின் மையமான செய்முறை, சேற்றில் இறக்கிய குழாயில் அப்படியே அடுக்குக் குலையாமல் எடுத்துவரும் கோர் மாதிரியைப் பிரிப்பது. மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு. அதற்குக் கீழே சாம்பல். இன்னும் கீழே போகப்போகக் கறுப்பு, கூடவே அழுகிய முட்டையின் நாற்றம். அந்த நிற மாற்றத்துக்குள்தான் பாடம் முழுவதும் இருக்கிறது. சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டுக்கும், பிறகு மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளுக்கும், அதன்பின் சல்பேட்டுக்கும் போகின்றன. சல்பேட்டும் தீர்ந்த ஆழத்தில் மீத்தேன் உருவாகிறது. துகள்களுக்கிடையே தேங்கியிருக்கும் போர்வாட்டரை நுண்துளைக் குழாயால் ஊசிக்குள் இழுத்தால், கரைந்த இரும்பு உள்ள ஆழத்திலிருந்து வரும் நீர் தெளிவாக வரும். காற்றில் சற்று நேரம் விட்டுவிட்டால் அதே நீர் துருநிறத்தில் கலங்கிவிடும். நைட்ரஜன் நிரப்பிய பைக்குள் கைவிட்டு வேலை செய்வது ஏன் என்று அதற்குப் பிறகு எந்த மாணவருக்கும் நான் விளக்க வேண்டியிருந்ததில்லை.

வேலைவாய்ப்பு இல்லை என்ற காரணத்துக்கு வருகிறேன். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த, ஆழ்கடலை ஆராய்வதற்கான ஆழ்கடல் இயக்கத்துக்கு ஐந்தாண்டுகளுக்கென மதிப்பிடப்பட்ட தொகை 4,077 கோடி ரூபாய். மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பலஉலோக முண்டுகளை, அதாவது கடலடியில் கிடக்கும் உலோகம் செறிந்த உருண்டைக் கட்டிகளைத் தேடி ஆராயும் உரிமை, சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் 2002-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நம் நாட்டிடம் இருக்கிறது. அந்த முண்டுகளை எடுக்கும் இயந்திரத்தை உருவாக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் சென்னை பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் மட்டுமே வளரும் முண்டுகளை அள்ளும்போது கிளம்பும் சேறு எங்கே போய்ப் படியும், அதிலிருந்து எந்த உலோகம் நீரில் கரையும், அடியில் வாழும் உயிர்களுக்கு என்ன ஆகும் என்பவையெல்லாம் படிவுப் புவிவேதியியல் கேள்விகள். கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் 2006-இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் துளையிடும் கப்பல், நீரும் மீத்தேனும் சேர்ந்து பனிக்கட்டிபோல் உறைந்த எரிவளி ஹைட்ரேட்டைக் கண்டெடுத்தபோது, அது எந்த ஆழத்தில் இருக்கிறது என்று காட்டிய சான்றுகளில் ஒன்று போர்வாட்டரின் குளோரைடு அளவு. ஹைட்ரேட் உருவாகும்போது உப்பை விலக்கிவிட்டு நீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கோர் மேலே வரும்போது அது உருகி, சுற்றியிருக்கும் நீரை நன்னீராக்குகிறது. குளோரைடு குறைந்த இடம் ஹைட்ரேட் இருந்த இடம். இந்த வேலைகளுக்கெல்லாம் ஆள் தேவைப்படும் காலத்தில், கிழக்குக் கரையில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம் ஆள் உருவாக்குவதை நிறுத்துகிறது.

இனிமேல் எல்லாம் உணரிகளும் செயற்கைக்கோள்களும் பார்த்துக்கொள்ளும், மாணவர்கள் தரவுப் பகுப்பாய்வு கற்றால் போதும் என்று கலந்துரையாடலில் ஒரு உறுப்பினர் கூறியதாக அறிந்தேன். தரவுப் பகுப்பாய்வைக் கற்பிப்பதை நான் எதிர்க்கவில்லை. என் ஆய்விலும் பாதி வேலை கணினியில்தான். ஆனால் கடலின் நிறத்தைப் படிக்கும் செயற்கைக்கோள் பார்ப்பது மேற்பரப்பை ஒட்டிய நீரை மட்டும். கடலடிச் சேறு அதன் கண்ணுக்குத் தெரியாது. உலகக் கடல்களில் மிதக்கும் ஏறக்குறைய 4,000 ஆர்கோ எனப்படும் தானியங்கி அளவீட்டு மிதவைகளில், ஆக்சிஜனையும் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் பதிவுசெய்யும் உணரிகள் கொண்டவை காலப்போக்கில் சரியான அளவிலிருந்து நகர்ந்துவிடுகின்றன. அவற்றைச் சரிபார்க்க, கப்பலிலிருந்து குப்பியில் எடுத்த நீரை யாரோ ஒருவர் அமர்ந்து அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பி.எச். என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்புரட்சிக்குப் பிறகு கடல் மேற்பரப்பின் சராசரி பி.எச். ஏறக்குறைய 8.2-இலிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது, அதாவது ஹைட்ரஜன் அயனிகள் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடியிருக்கின்றன. நன்னீருக்கான சாதாரண பஃபர் கரைசலால் மின்முனையைச் சரிசெய்து அளந்த எண்ணுக்கும், கடல்நீருக்குரிய மொத்த அளவுகோலில் அளந்த எண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாடே 0.1-க்கு மேல் வரும். எந்த அளவுகோலில் அளந்தது என்று கேட்கத் தெரியாத ஒருவரிடம் இரண்டு காலத்துத் தரவுகளைக் கொடுத்தால், கடலில் நடக்காத மாற்றத்தை அவர் வரைபடமாக வரைந்து காட்டிவிடுவார். அல்லது நடந்த மாற்றத்தை இல்லையென்று சொல்லிவிடுவார். மென்பொருள் அவரைத் தடுக்காது. கடல்நீரில் உள்ள நுண்ணுலோகங்களுக்கும் இதுதான் கதை. 1970-களின் நடுப்பகுதிவரை உலகெங்கும் வெளியான ஈயம், துத்தநாகம் போன்றவற்றின் அளவுகளில் பெரும்பகுதி, கடலைவிடக் குப்பியிலிருந்தும் கப்பலின் கம்பியிலிருந்தும் ஆய்வகத் தூசியிலிருந்தும் வந்தவையே என்பது, அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் போன்றவர்கள் மாசற்ற அறைகளில் வேலை செய்து காட்டிய பிறகுதான் தெரிந்தது. பழைய எண்கள் பத்து மடங்கு, நூறு மடங்கு, சிலவற்றில் ஆயிரம் மடங்குகூட மிகையாக இருந்தன. அந்தக் கைப்பழக்கத்தை ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டால் நாமும் அப்படிப்பட்ட எண்களுக்கே திரும்புவோம்.

எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாமல் செய்வது குளிர் அறை பற்றிய முடிவு. பாடத்திட்டத்தை அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். அந்தச் சேற்றைத் திரும்ப எடுக்க முடியாது. அங்கே இருப்பவை கழிமுகங்களிலிருந்தும் அலையாத்திக் காடுகளிலிருந்தும் ஆழமற்ற கடலிலிருந்தும் இத்துறையின் பழைய ஆசிரியர்கள் எடுத்து, ஆழமும் நாளும் இடமும் எழுதி ஒட்டிவைத்த கோர்கள். அவற்றில் சில 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்கு முன் எடுக்கப்பட்டவை. அதே இடங்கள் பலவற்றில் இன்று அந்த அடுக்குகளே இல்லை. ஏறக்குறைய 22 ஆண்டுகள் அரை ஆயுள் கொண்ட கதிரியக்க ஈயம்-210-ஐ அளந்தால், கடந்த நூறு நூற்றைம்பது ஆண்டுகளில் எந்தச் சேறு எப்போது படிந்தது என்று கணக்கிடலாம். அணுகுண்டுச் சோதனைகளால் 1963-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்ட சீசியம்-137 அந்தக் கணக்கைச் சரிபார்க்க உதவும். மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934 அந்தக் கால எல்லைக்குள்தான் வருகிறது. காவிரி கடலுக்குக் கொண்டுவந்த வண்டல் அதற்கு முன்னும் பின்னும் எப்படி மாறியது என்ற கேள்விக்கு, கழிமுகத்தை ஒட்டிய கோர்கள் விடை சொல்லக்கூடும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும், எல்லோரும் கேட்ட கேள்வி, சேற்றில் இதற்கு முன் என்ன இருந்தது என்பதுதான். முன்பே எடுத்து வைத்த மாதிரி இருக்கிறவர்களால் மட்டுமே அதற்கு விடை சொல்ல முடியும். மின்சாரத்தைத் துண்டித்தால் சேறு சூடேறி, நுண்ணுயிரிகள் கரிமப்பொருளைத் தின்னத் தொடங்கும். காற்றுப் பட்டால் சல்பைடுகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அவற்றோடு கட்டுண்டிருந்த உலோகங்கள் இடம் மாறும். அதற்குப் பிறகு அந்தக் குழாய்களில் இருப்பது, எடுத்த நாளில் கடலடியில் இருந்த சேறாக இருக்காது.

செலவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாங்கனீசு சல்பேட், பொட்டாசியம் அயோடைடு, சோடியம் ஹைட்ராக்சைடு, தயோசல்பேட், ஸ்டார்ச் ஆகியவை இந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தத் துறையும் வாங்கும் மிக மலிவான வேதிப்பொருள்கள். செலவு பிடிப்பது குளிர் அறையின் மின்சாரமும் படகு வாடகையும்தான். அவற்றின் கணக்கை மெய்நிகர் ஆய்வகத்தின் ஆண்டு உரிமக் கட்டணத்தோடு வைத்துப் பார்த்தீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். சுற்றறிக்கையில் அந்த ஒப்பீடு இல்லை.

சேர்க்கை குறைந்திருப்பது உண்மை. அதற்கான காரணங்கள் உங்கள் கோப்புகளிலேயே இருக்கின்றன. ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியர்களின் இடங்கள் நிரப்பப்படவில்லை; கௌரவ விரிவுரையாளர் ஒருவரே இரண்டு பாடங்களையும் நடத்துகிறார். சேர்க்கைக் கையேட்டின் தகுதிப் பட்டியலில் விலங்கியல், தாவரவியல், நிலவியல் இளநிலை பட்டங்கள் இருக்கின்றன, வேதியியல் இல்லை. கடல் வேதியியல் கற்பிக்கும் படிப்பில் வேதியியல் பட்டதாரி விண்ணப்பிக்க முடியாது என்பதைப் பலமுறை எழுத்தில் தெரிவித்தும் அந்தப் பட்டியல் மாறவில்லை. இருந்தும் வருகிறவர்களில் பலர் கடற்கரைக் கிராமங்களிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். கொச்சிக்கோ கோவாவுக்கோ போய்ப் படிக்க அவர்கள் வீட்டில் வசதி இல்லை. பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்குகிற வீடுகளும் அவற்றில் இருக்கின்றன. இந்த ஊரில் இந்தப் பாடம் இல்லையென்றால் அவர்களுக்கு எங்கும் இல்லை.

ஆகவே, பின்வருவனவற்றைக் கல்விக்குழுவிடம் கேட்டுக்கொள்கிறேன். குளிர் அறையைக் காலிசெய்யும் பணியை உடனடியாக நிறுத்திவைத்து எழுத்துமூலம் ஆணை வெளியிடுங்கள். மின் இணைப்பு ஒரு நாள்கூடத் துண்டிக்கப்படக் கூடாது. அங்குள்ள கோர்கள் அனைத்துக்கும் பட்டியல் தயாரிக்க அனுமதி கொடுங்கள். அந்த வேலையை ஆய்வு மாணவர்களாகிய நாங்கள் ஊதியமில்லாமல் செய்யத் தயாராக இருக்கிறோம். பல்கலைக்கழகத்தால் அவற்றைப் பராமரிக்க முடியாது என்பதே இறுதி முடிவானால், அவற்றை ஏற்கக்கூடிய தேசிய ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைப்பதற்கு முன் ஒரு குழாயைக்கூட வெளியே எறிய வேண்டாம்.

கடல் வேதியியலும் கடற்படிவுப் புவிவேதியியலும் தனித்தனிக் கட்டாயப் பாடங்களாகவே தொடர வேண்டும். மெய்நிகர் ஆய்வகம் வேண்டுமானால் செய்முறைக்கு முந்தைய தயாரிப்பாக இருக்கட்டும். கரைந்த ஆக்சிஜன், காரத்தன்மை, கோர் பிரித்தல், போர்வாட்டர் எடுத்தல் ஆகியவற்றை மாணவர் தம் கையால் செய்யாமல் மதிப்பெண் வழங்கக் கூடாது. செமஸ்டருக்கு ஒரு படகுப் பயணமாவது பாடத்திட்டத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். பாதுகாப்பு விதிகளை நீங்கள் எவ்வளவு கடுமையாக வகுத்தாலும் பின்பற்றுகிறோம். காலியாக உள்ள இரண்டு ஆசிரியர் பணியிடங்களுக்கும் அறிவிப்பு வெளியிட்டு, வேதியியல் இளநிலைப் பட்டத்தைத் தகுதிப் பட்டியலில் சேர்த்து, இரண்டு ஆண்டுச் சேர்க்கையைப் பார்த்த பிறகு இந்தப் பாடங்களின் எதிர்காலத்தைப் பற்றி முடிவெடுங்கள்.

அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, துறையின் ஆசிரியர்களையும் மாணவர் பிரதிநிதி ஒருவரையும் அழைத்துக் கேளுங்கள். அதற்கு முன்பாக, குளிர் அறை குறித்த ஆணையின் நகலைத் துறைத்தலைவருக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். காலிசெய்யும் ஒப்பந்ததாரர் அளவெடுத்துப் போய்விட்டார் என்பதால் இதைத்தான் முதலில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கடற்படிவுப் புவிவேதியியல் ஆய்வு மாணவி,
இத்துறையின் முன்னாள் முதுநிலை மாணவி